பழைய காரில் பனிநாட்டுப் பயணம்: கிளம்பும் முன் எதை, எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வியின் சுருக்கம் இது: 18 வயதான பெட்ரோல் கார், 2 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. ஜனவரி கடைசியில் ஜெர்மனியிலிருந்து டென்மார்க், ஸ்வீடன் வழியாக வட நார்வே வரை போய்த் திரும்ப வேண்டும். சுற்றலையும் சேர்த்தால் 6,000 கிலோமீட்டர். இரவில் மைனஸ் 25 டிகிரி வரை இறங்கலாம். வண்டி இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. என்னென்ன செய்ய வேண்டும்?

தாராளமாகப் போகலாம், வயது ஒரு தடை இல்லை. ஆனால் பணத்தை எங்கே போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கடுங்குளிரில் பழைய வண்டி நடுவழியில் நிற்பது எஞ்சின் பிடித்துக்கொண்டோ கியர்பாக்ஸ் உடைந்தோ அல்ல. பூத்துப்போன எர்த் ஒயர், விறைத்துப்போன ரப்பர், இருக்கக்கூடாத இடத்தில் தேங்கிய தண்ணீர் என்று இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மூன்றையும் வீட்டு வாசலில் வைத்தே கண்டுபிடிக்கலாம், மூன்றுக்கும் செலவு குறைவு. எனவே புது சீட் கவர், கூரைப்பெட்டி எல்லாம் பிறகு.

கிளம்புவதற்கு 6 வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். பழைய வண்டியில் ஒரு போல்ட்டைக் கழற்றப் போனால் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் குழாய் உடையும். அந்தக் குழாய் வர ஒரு வாரம் ஆகும். கடைசி 2 வாரம் எதையும் கழற்றாமல் குறைந்தது 500 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். புதிதாகப் போட்ட பாகம் கெட்டதாக இருந்தாலோ ஒரு கிளிப்பைச் சரியாக மாட்டவில்லை என்றாலோ அந்த 500-க்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் பேட்டரி. மைனஸ் 18 டிகிரியில் பேட்டரி தரும் பலம் அறை வெப்பநிலையில் தருவதில் பாதிக்கும் கீழே போய்விடும். அதே நேரத்தில் ஆயில் கெட்டித்திருப்பதால் எஞ்சினைச் சுற்ற இரண்டு மடங்கு பலம் தேவைப்படும். அதனால்தான் இலையுதிர்காலம் முழுக்கச் சிணுங்காமல் ஓடிய வண்டி, முதல் கடுங்குளிர்க் காலையில் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. வண்டியை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் மல்டிமீட்டரால் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் சார்ஜ் முழுமை, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதிதான். வோல்ட் மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். பேட்டரி மீது அச்சிட்டிருக்கும் சிசிஏ எண் மைனஸ் 18 டிகிரியில் அது தரக்கூடிய ஆம்பியரைச் சொல்கிறது. பணிமனையில் உள்ள சோதனைக் கருவியில் அந்த எண்ணில் 70 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். 5 வயது தாண்டிய பேட்டரியை இந்தப் பயணத்துக்கு நம்பிப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. இன்னொன்று: முழு சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50-இலும் உறையாது, முழுக்க இறங்கியது மைனஸ் 10-க்குள்ளேயே உறைந்துவிடும். பக்கம் உப்பி உறைந்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்தால், அதாவது வேறு பேட்டரியோடு கேபிளால் இணைத்து ஸ்டார்ட் செய்யப் பார்த்தால், வெடிக்கலாம். கழற்றிச் சூடான இடத்தில் வைத்து உருகவிட்டு, ஓடு விரிந்திருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பேட்டரியைவிட அதிகமாகக் கவனிக்கப்படாதது அதன் ஒயர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது, வழியில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். புது பேட்டரி போட்டும் செல்ஃப் திணறுவதற்கு இதுதான் காரணம். சோதிப்பது எளிது. பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சின் பிடிக்காதபடி செய்துகொள்ளுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. மறு முனையை எஞ்சின் பிளாக்கின் வெற்று உலோகத்தில் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழி கெட்டிருக்கிறது. அதேபோல் பிளஸ் குமிழிலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட் வரை 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒயரின் இரு முனையையும் கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள். பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே போகும் பின்னல் பட்டை ஒயர் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, புதிதாகப் போடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஹெட்லைட்டும் பின்விளக்கும் 130 வாட், பின்கண்ணாடி ஹீட்டர் 170, புளோயர் முழு வேகத்தில் 180, இரண்டு சீட் ஹீட்டர் 120, வைப்பர் 60, எஞ்சின் தன் தேவைக்கு எடுப்பது 150. மொத்தம் 800 வாட்டைத் தொடுகிறது; அதாவது 60 ஆம்பியர் அளவு. அந்தக் கால 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, அதில் பாதிதான் தரும். பனி நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். ஐடிலில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு பேட்டரியில் அளந்து பாருங்கள்: 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் சரி. பெல்ட் 5 வயது தாண்டியிருந்தால் மாற்றி, பழையதை வண்டியிலேயே போட்டு வையுங்கள்.

அடுத்தது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். உறையாமல் காக்கும் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி என்றால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, 60 சதவீதம் என்றால் மைனஸ் 50 வரை. சுமார் 70 சதவீதத்தைத் தாண்டினால் பாதுகாப்பு குறையத் தொடங்கும். கலக்காத கிளைக்கால் மைனஸ் 13-ஐ ஒட்டியே உறையத் தொடங்கிவிடும். 'நிறைய ஊற்றினால் நல்லது' என்பது இங்கே செல்லாது. பழைய வண்டியில் கோடைக்காலத்தில் யாராவது குழாய்த் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். மிதவை வைத்த மலிவான அளவியைவிட, ஒரு துளி வைத்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் நம்பகமானது.

மாற்றும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரைத் திறந்து வடித்தாலும் பிளாக்கிலும் ஹீட்டரிலும் சுமார் 2 லிட்டர் தங்கிவிடும். வெறும் தண்ணீரால் அலசியிருந்தால் அந்த 2 லிட்டரும் தண்ணீர். அதன் மேல் கடையில் வாங்கிய பாதிக்குப் பாதி கலவையை 4 லிட்டர் ஊற்றினால் உள்ளே இருப்பது 33 சதவீதம்தான். மைனஸ் 20-க்குள் உறையத் தொடங்கிவிடும். சரியான வழி: அலசியபின் முதலில் கலக்காத கான்சன்ட்ரேட்டை 3 லிட்டர் ஊற்றி, மீதியை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி வருவது நிற்கும் வரை காத்திருந்து, மறுநாள் எஞ்சின் குளிர்ந்தபின் மட்டம் பார்த்து, மறுபடி அளந்து உறுதிசெய்யுங்கள். நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்ய வேண்டாம். நிறம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒன்று. கையேட்டில் உள்ள தர எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஹோஸ்களைச் சூடாக இருக்கும்போது அல்ல, குளிர்ந்தபின் அழுத்திப் பாருங்கள். கிளாம்பை ஒட்டி உப்பியிருந்தாலோ, அழுத்தும்போது நொறுநொறுவென்று உணர்ந்தாலோ அதன் காலம் முடிந்தது.

எஞ்சின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தால் மிதமான காலத்தில் யாருக்கும் தெரியாது. மைனஸ் 20-இல் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் பாதிக்கும் கீழே விழுந்து, ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்று மட்டும் வரும். முன்கண்ணாடியின் உட்பக்கம் மூச்சுக்காற்றே பனியாகப் படியும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸின் மீது கை வைத்துப் பாருங்கள். பல நிமிடம் சில்லென்று இருந்து, பிறகு சட்டென்று சூடேறினால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது. ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் மாற்றுங்கள். விலை மிகக் குறைவு என்பதால் கூலன்ட் மாற்றும்போதே இதையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆயில் டப்பாவில் 10டபிள்யூ-40 என்பதுபோல் எழுதியிருக்கும்; குளிருக்கு அதில் முதல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 10டபிள்யூ ஆயிலின் குளிர்ச் சுழற்சிச் சோதனை மைனஸ் 25-இல் நடக்கிறது, 5டபிள்யூ-வுக்கு மைனஸ் 30, 0டபிள்யூ-வுக்கு மைனஸ் 35. பம்ப் அதை உறிஞ்சுமா என்ற சோதனை இவை ஒவ்வொன்றிலும் 5 டிகிரி கீழே. எனவே 10டபிள்யூ-40 உங்கள் பயணத்தின் விளிம்பில் நிற்கிறது. கையேடு அனுமதித்தால் 5டபிள்யூ-40 சிந்தெடிக் போடுங்கள். இரண்டாம் எண்ணைக் குறைக்க வேண்டாம், 2 லட்சம் ஓடிய எஞ்சினுக்குச் சூட்டில் அந்தக் கனம் தேவை. புது ஆயிலில் கசிவு கூடுகிறதா என்பதையும் அந்த 500 கிலோமீட்டர் ஓட்டம் காட்டிவிடும்.

ஆயிலோடு ஒட்டிய இன்னொரு விஷயத்தைப் பெரும்பாலோர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை: எஞ்சினின் மூச்சுக்குழாய். பிஸ்டனைத் தாண்டிக் கசியும் புகையில் நீராவி இருக்கும். அது வால்வ் மூடியிலிருந்து இன்டேக் வரை போகும் விரல் தடிமன் குழாய் வழியாக வெளியேறுகிறது. கடுங்குளிரில் நெடுஞ்சாலையில் போகும்போது அந்த நீராவி குழாயின் வளைவிலேயே உறைந்து அடைக்கும். எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, டிப்ஸ்டிக்கைத் தூக்கியெறியும், அல்லது கிராங்க் சீலைப் பிதுக்கி ஆயிலை வெளியே கொட்டும். ஆயில் லைட் எரியும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உட்பக்கம் மோர் திரண்டாற்போல வெண்மஞ்சள் குழம்பு ஒட்டியிருந்தால் உள்ளே ஈரம் தங்குகிறது என்று அர்த்தம். குழாயைக் கழற்றி ஒரு குச்சியை விட்டுத் துடைத்து, பெட்ரோலில் கழுவி, வாயால் ஊதினால் தங்குதடையின்றிக் காற்று போகும் வரை சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். அந்தக் குழாயில் வால்வ் இருந்தால் புதிது போடுங்கள். குழாயைச் சுற்றி ஃபோம் உறை போட்டால் நெடுந்தூர ஓட்டத்தில் நல்ல பாதுகாப்பு.

ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் மூன்றும் புதிது. கூலன்ட் வெப்ப சென்சாரை அளந்து பாருங்கள். பல ஐரோப்பிய வண்டிகளில் 20 டிகிரியில் 2,500 ஓம், 80 டிகிரியில் 320 ஓம் அளவுக்கு இருக்கும். அது பொய் சொன்னால் கம்ப்யூட்டர் தவறான அளவு பெட்ரோல் தெளித்து, குளிரில் பிளக் நனைந்து வண்டி பிடிக்காது.

உங்களுடையது பெட்ரோல் என்பதால் ஒரு தலைவலி குறைந்தது. டீசலாக இருந்தால், தெற்கே நிரப்பிய டீசலோடு வடக்கே போய் இரவு நிறுத்தக் கூடாது. அது மெழுகாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கும். குளிர்ப் பகுதிக்குள் நுழைந்ததும் அங்கே விற்கும் குளிர்கால டீசலை நிரப்பிக்கொள்ள வேண்டும். பெட்ரோலிலும் டேங்க்கைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள். காலி இடத்தில் ஈரம் படிவதைத் தடுக்கும். சாலை மூடப்பட்டு நின்றால் அதுவே உங்கள் ஹீட்டர்.

பிரேக்கில் கவலைப்பட வேண்டியது இரும்புக் குழாய்கள்தான். உப்புச் சாலைகளில் 18 வருடம் ஓடிய வண்டியில், குழாயைப் பாடியோடு பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புக்கு அடியில் ஈரமண் தங்கி அரித்திருக்கும். பளிச்சென்று தெரியும் இடங்களில் ஒன்றும் இருக்காது. கிளிப்பை நெகிழ்த்தி, விரல் நகத்தால் சுரண்டுங்கள். துரு செதில் செதிலாக உரிந்தால் உடனே மாற்ற வேண்டும். சாதாரண ஓட்டத்தில் தாங்கும் குழாய், அவசரமாக முழு பலத்தில் மிதிக்கும்போதுதான் வெடிக்கும். பிரேக் ஆயில் 2 வருடத்துக்கு மேல் பழையது என்றால் மாற்றுங்கள். பிரேக் கட்டையை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் வழுக்குப் பின்களைக் கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிளின் உறைக்குள் தண்ணீர் இருந்தால் இரவில் உறைந்து பின்சக்கரம் சுற்றவே சுற்றாது. எனவே இரவில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். கியர் ஆயிலைக் கையேடு அனுமதிக்கும் 75டபிள்யூ வகைக்கு மாற்றினால் காலையில் இரண்டாம் கியர் அடம்பிடிக்காது. ஆக்ஸில் முனையின் ரப்பர் உறையை விரித்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு குளிரில் முழுக் கிழிசலாகிவிடும்.

டயர் நான்கும் குளிர்கால டயராக இருக்க வேண்டும்; முன்னால் இரண்டு மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னே வந்துவிடும். பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவில் பனித்துகளும் கொண்ட முத்திரையைத் தேடுங்கள். எம் பிளஸ் எஸ் (சேறு, பனி) எழுத்து மட்டும் இருப்பது பனிப்பிடிப்புக்கு அத்தாட்சி அல்ல. ஜெர்மனியில் 2024 அக்டோபர் 1 முதல் அது குளிர்கால டயராகக் கணக்கில் வருவதுமில்லை. ஸ்வீடனில் குளிர்காலச் சாலை நிலையில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் கட்டாயம், டயர் பட்டனின் குறைந்தபட்சப் பள்ள ஆழம் 3 மில்லிமீட்டர். நார்வேயிலும் குளிர்காலத்தில் 3 வேண்டும். சட்டம் அப்படிச் சொன்னாலும் 5 மில்லிமீட்டருக்குக் குறைவானதோடு இந்தத் தூரம் கிளம்ப வேண்டாம். தயாரித்த தேதி நான்கு இலக்கமாக இருக்கும்: 3819 என்றால் 2019-இன் 38-ஆம் வாரம். 6 வயதைத் தாண்டினால் பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் விறைத்திருக்கும்.

ஆணி வைத்த டயர் பனிக்கட்டியில் அருமையாகப் பிடிக்கும். ஆனால் ஜெர்மனியில் அதற்குத் தடை. உங்கள் வழி அங்கிருந்து தொடங்குவதால் ஆணியில்லாத, வடநாட்டுக் குளிருக்கென்றே செய்த மென்மையான ரப்பர் டயர்தான் பொருத்தம். மத்திய ஐரோப்பிய ஈரச் சாலைக்கான குளிர்கால டயர் வேறு, இது வேறு என்பதைக் கடையில் தெளிவாகச் சொல்லுங்கள். 20 டிகிரியில் 2.3 பார் நிரப்பினால் மைனஸ் 20-இல் அது 1.85-க்கு வந்துவிடும், எனவே அங்கே போய்க் காலையில் மறுபடி அளந்து நிரப்ப வேண்டும். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். சக்கரத்தில் மாட்டும் பனிச் சங்கிலி எடுத்துப் போனால், கையுறையோடு ஒருமுறை வீட்டிலேயே மாட்டிப் பழகுங்கள். சக்கரத்தை ஒருமுறை கழற்றி, ஹப்பின் நடு விளிம்பில் மட்டும் மெலிதாகக் கிரீஸ் தடவி மாட்டுங்கள், இல்லாவிட்டால் துரு பிடித்து ஒட்டிக்கொண்டு பனியில் கழலாது.

கண்ணாடி கழுவும் நீரில் ஏமாற வேண்டாம். மைனஸ் 20 என்று எழுதியிருக்கும் திரவம், ஓடும் காற்றில் ஆல்கஹால் ஆவியானதும் அதற்கு வெகு முன்பே கண்ணாடியில் உறைந்துவிடும். மைனஸ் 30 அல்லது அதற்கும் கீழ் தாங்குவதை வாங்குங்கள். ஊற்றினால் மட்டும் போதாது, நாசிலில் புதுத் திரவத்தின் வாசனை வரும் வரை பீய்ச்சுங்கள். குழாயில் நிற்கும் பழைய தண்ணீர்தான் முதலில் உறையும். உப்புச் சேறு தெறிக்கும் நாளில் 3 லிட்டர் காலியாவது சாதாரணம், 5 லிட்டர் கேன் ஒன்று கூடவே இருக்கட்டும். எஞ்சினை அணைக்கும் முன் வைப்பர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். காலையில் கண்ணாடியோடு ஒட்டிய வைப்பர் இழுத்தால் ஃபியூஸ் போகும், அல்லது பழைய லிங்க் கழன்றுவிடும். ஏசியை வேலை செய்ய வையுங்கள், காற்றின் ஈரத்தை எடுப்பது அதுதான். தரைவிரிப்பு ஈரமாக இருந்தால் எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடித்துக் காயவைத்த பிறகே கிளம்புங்கள்.

கதவு ரப்பர்களில் சிலிக்கான் தடவுங்கள். பூட்டில் உறைந்த பனியை உருக்கும் திரவத்தை வண்டிக்குள் வைக்காதீர்கள், கோட்டுப் பையில் இருக்கட்டும். டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூன்றிலும் பகலிலும் விளக்கு கட்டாயம், எனவே பல்புகளைப் புதிதாக்கி ஒரு ஜோடி உபரியும் வையுங்கள். காப்பீடு எந்தெந்த நாட்டில் செல்லும், சாலையோர உதவி உங்கள் வண்டியின் வயதுக்கு உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட எடுத்துப்போக: 25 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜம்ப் கேபிள், ஃபியூஸ்கள், உலோகத் தகட்டு மண்வாரி, பிரதிபலிப்பு மேலாடை ஆளுக்கு ஒன்று, எச்சரிக்கை முக்கோணம், ஆளுக்கொரு தூக்கப்பை, தலைவிளக்கு, இழுக்கும் கயிறு. கயிறு மட்டும் போதாது. பம்பருக்குள் திருகும் கொக்கி உங்கள் கருவிப்பையில் இருக்கிறதா? பழைய வண்டிகளில் பல நேரம் இருக்காது. இருந்தால் இப்போதே முழுக்கத் திருகிப் பாருங்கள். மரை துருவால் அடைத்திருக்கலாம், சில வண்டிகளில் இடது மரை.

அங்கே காலையில் எடுக்கும்போது எல்லா மின்சாரமும் அணைத்து, கிளட்சை மிதித்து, சாவியைத் திருப்பி 2 விநாடி பம்ப் ஓடவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டாம். 10 விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள், பிடிக்காவிட்டால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி. பிடித்தபின் கண்ணாடியைச் சுரண்டி முடித்து, குறைந்த சுற்றில் மெல்லக் கிளம்பலாம். அரை மணி நேரம் ஐடிலில் வைப்பதால் ஈரம்தான் சேரும். ஸ்வீடனில் பல தங்குமிடங்களின் நிறுத்துமிடத்தில் எஞ்சின் ஹீட்டருக்கான பிளக் இருக்கும். கிளம்பும் முன் உங்கள் எஞ்சினுக்கேற்ற ஹீட்டரைப் பொருத்திக்கொள்ள முடிந்தால் பேட்டரிக்கு அடுத்தபடி அதற்குத்தான் பணம் போடுவேன். மைனஸ் 20-இல் 2 முதல் 3 மணி நேரம் போதும்.

பனியில் சிக்கி நிற்க நேர்ந்தால், எஞ்சினைப் போடும் முன் ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய் சைலன்சர் வாயைச் சுற்றிப் பனியை அள்ளிவிடுங்கள். அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு அடித்தளம் வழியாக உள்ளே வரும், அதற்கு வாசனை கிடையாது. துருப்பிடித்த சைலன்சர் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும் வீட்டிலேயே அடைத்துவிடச் சொல்வதும் இதற்காகத்தான். மணிக்கு 10 நிமிடம் ஓட்டி, காற்று வீசாத பக்கத்து ஜன்னலை விரல் அகலம் திறந்து வைத்து, வண்டியை விட்டு நடந்து போகாமல் உள்ளேயே இருங்கள்.